அந்தோணிசாமியின் குதிகால்

ஃபாதர் ஊற்றிய தண்ணீர் வெள்ளையாக மாறியது.

மிகைப்படுத்தவில்லை. கோயிலின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கண்புரை அறுவை சிகிச்சை முடித்த கண்கள்... நம்பலாம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்து, பங்குத் தந்தை மண்டியிட்டு ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைக்கும் சடங்கு. முதலில் வந்த கால்களுக்கெல்லாம் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருந்த பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் வலது கால் வந்ததும் தாம்பாளத்தில் அது வெளுத்தது. முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரி. பிறகு பால் மாதிரி.

எனக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒருவர் "மாதாவே" என்று முனகிச் சிலுவை போட்டுக்கொண்டார். அற்புதம் நடக்கிறது என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பு அதிக நேரம் நிற்கவில்லை. வெள்ளையில் சிவப்பு கலந்தது.

ஃபாதர் இளைஞர். முகத்தில் எதையும் காட்டாமல் துண்டால் அந்தக் காலைச் சுற்றி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் பார்த்தது ஃபாதரை அல்ல. அந்தோணிசாமியை. அவர் பீடத்துச் சிலுவையைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். காலில் என்ன நடக்கிறது என்றே தெரியாத முகம். துண்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருக்கிறது — அவருக்கு வலிக்கவே இல்லை.

இந்த வாரம் எழுதப்போவது அதைப் பற்றித்தான். வலிக்காததைப் பற்றி.

இத்தனை மாதம் கழித்து ஏன் என்று கேட்பீர்கள். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் எழுதுவது முறையல்ல. ஒப்புதல் போன ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். "எதுக்கு சார்? காலத்தான் ஊரே பாத்தாச்சு. மூஞ்சிய மூடி என்னா ஆவப்போவுது?" என்றார். நியாயம்.

அந்தோணிசாமி விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வருவாய்த் துறையில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவன். காலையில் இரண்டு பேரும் மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடப்போம். அவருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். ஆளுக்கு ஒரு நோய் என்று நியாயமாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வறண்ட தோல்.

வறண்ட தோலை யாராவது நோய் என்று நினைக்கிறோமா? சிலர் கறுப்பு, சிலர் குட்டை, சிலருக்கு வறட்சி — அப்படி ஒரு பிறவிக் குணமாகத்தான் வைத்திருக்கிறோம். ஐம்பதைத் தாண்டியதும் என் முழங்காலுக்குக் கீழே கோடையில் காய்ந்த ஏரி மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்தது. சொறிந்தால் வெள்ளையாகக் கோடு விழும். நகத்தால் முகவரி எழுதலாம். அதை அழுக்கு என்று நினைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் மருந்து வாசனை அடிக்கும் சோப்பும் பீர்க்கங்காய் நாருமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் உதிர்ந்தது. உதிர உதிர இன்னும் தேய்த்தேன். உதிர்வது அழுக்கு அல்ல, நான்தான் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

பீங்கான் சுட்டே பிழைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிய வேண்டிய சமாச்சாரம். கிளேஸ் என்கிற பளபளப்பு மேல்பூச்சு பூசாமல் சுட்ட பீங்கானை நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும், விடும். கிளேஸ் பூசி மறுபடி சுட்டால்தான் தண்ணீரை நிறுத்தும். நம் தோலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளேஸ் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே போகாமல் பிடித்து வைப்பது அதுதான். வெந்நீரும் சோப்பும் முதலில் எடுத்துக்கொண்டு போவதும் அதைத்தான். வயதானால் உடம்பு அதைத் திரும்பப் பூசுவதில் சுணக்கம் காட்டும் — எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்களா? கொள்ளவில்லை. எந்தக் குளியலறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சோப்புப் பெட்டி பக்கத்தில் உடைந்த பியூஸ் கட்டை ஒன்று இருக்கும். அடிப்பக்கம் கிளேஸ் படாமல் சொரசொரப்பாக இருக்கும். அதுதான் எங்களுக்குக் குதிகால் தேய்க்கும் கல். ஊரிலேயே விளைகிறது, காசு கொடுக்க வேண்டாம், ஆயுசுக்கும் தேயாது. கால்தான் தேயும்.

அந்தோணிசாமி தேய்ப்பதோடு நிறுத்தவில்லை. அவர் மேஸ்திரி. விரிசல் என்றால் அவருக்கு ஒரு வைத்தியம் தெரியும். சுடுவதற்கு முன்னால் பச்சைக் கட்டையில் விரிசல் கண்டால், அதே களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து விரிசலில் அடைத்து, ஈர விரலால் நீவிவிடுவார்கள். நல்ல கைக்காரர் அடைத்தால் எங்கே விரிந்திருந்தது என்று தடமே தெரியாது. அந்தோணிசாமி நல்ல கைக்காரர்.

குதிகாலில் வெடிப்பு பெரிதாகிப் போர்வை நூல் மாட்டத் தொடங்கியதும், கம்பெனியிலிருந்து கொஞ்சம் வெள்ளைக் களிமண் வாங்கிவந்து அதையேதான் செய்திருக்கிறார். முதலில் பியூஸ் கட்டையால் தேய்ப்பது. பிறகு களிமண்ணால் அடைப்பது. காய்ந்து உதிர்ந்தால் மறுபடி அடைப்பது. அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு பேரில் ஒருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஃபாதர் கையில் வெடித்த காலைக் கொடுக்க முடியுமா? சாயங்காலம் உட்கார்ந்து வழவழவென்று பூசி, அசையாமல் காயவைத்துவிட்டு வந்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பன்னிரண்டு கால்களிலும் அதுதான் அழகான கால்.

களிமண் என்ன செய்யும்? அதன் வேலையே ஈரத்தை உறிஞ்சுவது. உறிஞ்சி உறிஞ்சி வெடிப்பை இன்னும் ஆழமாக்கியிருக்கிறது. மேலே வெள்ளை மூடி, உள்ளே சீழ்.

மறுநாள் பெரிய வெள்ளி. டாக்டரிடம் போகமாட்டேன், துக்க நாள் என்றார். அவர் மனைவி செலின்மேரி வாசலில் நின்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. கம்பெனியில் பச்சைக் கட்டை வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஈரச் சாக்கு போட்டு மூடி மூடி வைப்பாராம். கல்யாணமான புதிதில் ராத்திரியெல்லாம் அந்தக் கவலையிலேயே புரண்டு புரண்டு படுப்பாராம். "கட்டைக்குப் போட்ட சாக்குல பாதிய கால்ல போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? சாரே, நீங்க இழுத்துக்கிட்டுப் போங்க. எங்கூடன்னா வரமாட்டாரு."

இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர், என் மகள் வயது இருக்கும். களிமண் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. காயத்தைச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, ஒரு பிடியில் மாட்டிய நைலான் நரம்பை எடுத்தார். மீன் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லியது. "கண்ண மூடிக்கங்க ஐயா. நான் தொடறப்பல்லாம் 'ம்' சொல்லணும்."

கணுக்காலுக்கு மேலே தொட்டார். "ம்." பெருவிரல் அடியில் தொட்டார். பதில் இல்லை. குதிகாலில் தொட்டார், நரம்பு வளைகிற அளவுக்கு அழுத்தினார். பதில் இல்லை. பாதத்தின் நடுவில். இல்லை. சின்ன விரலில். இல்லை. பிறகு நரம்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம்" என்றார் அந்தோணிசாமி.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ம்."

ரொம்ப நேரமாகப் பதில் சொல்லவில்லையே, தொட்டிருப்பார் என்று நினைத்திருக்கிறார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்து பொய்ச்சாட்சி கேட்டவன் நான். இவ்வளவு பணிவான பொய்யை நான் கேட்டதில்லை.

டாக்டர் அதை அவரிடம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார். சர்க்கரை நோய், வலியை உணரும் நரம்பை மட்டும் கொல்வதில்லையாம். வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்பையும் சேர்த்துக் கொல்கிறது. பாதம் வியர்க்காவிட்டால் காயும். காய்ந்தால் தடிக்கும், தடித்தால் வெடிக்கும். வெடித்தது வலிக்காது, ஏனென்றால் வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு ஏற்கெனவே போய்விட்டது. தகவல் வராததால் மேலிடம் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த நிர்வாகம் நன்றாகப் புரிந்தது.

எக்ஸ்ரேயில் புண் எலும்பு வரை போகவில்லை என்று தெரிந்தது. "இதுவரைக்கும்" என்பதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "இனிமே வெறுங்கால் கூடாது ஐயா. வூட்டுக்குள்ளயும் செருப்பு. இன்னொரு தடவ இப்பிடி வந்தீங்கன்னா, கால எப்பிடிக் காப்பாத்தறதுன்னு பேசமாட்டேன். எந்த எடத்துல எடுக்கறதுன்னுதான் பேசுவேன்."

அந்தோணிசாமி தலையாட்டினார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். பாலம் தாண்டியதும் சொன்னார்.

"ஆகஸ்ட்டுல போவணும் சார்."

எங்கே என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. ஆகஸ்ட் கடைசியில் எங்கள் பக்கத்திலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் அவர் வருஷா வருஷம் இருப்பார். தார் ரோட்டில், வெறுங்காலோடு. மற்றவர்கள் போவதுபோல அவரும் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருடைய ஒரே மகன் ஆரோக்கியராஜ். சில வருஷங்களுக்கு முன் கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் கான்டிராக்ட் வேலையில் இருந்தான். ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது லாரி தட்டிவிட்டது. நினைவில்லாமல் கிடந்தான். டாக்டர்கள் கையை விரித்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பையன் கண்ணைத் திறந்தால், என்னால் நடக்க முடிகிற வரை ஒவ்வொரு வருஷமும் வெறுங்காலோடு வருகிறேன் என்று. பையன் கண்ணைத் திறந்தான். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நடை லேசாகச் சாயும், அவ்வளவுதான். நேர்ச்சை விஷயம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பாரமாக நினைப்பான் என்று சொல்லவில்லை.

"மாதா உசுரக் குடுத்தாங்க சார். நான் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயி அவங்க முன்னாடி நிக்கறதா? இல்ல, போவாமலே இருந்து... அவனுக்கு ஒண்ணுன்னா?"

கணக்கு தெளிவாக இருந்தது. ஒரு பக்கம் அவருடைய கால். இன்னொரு பக்கம், அவர் மனதில், மகனுடைய உயிர். எந்தத் தகப்பன் காலைத் தேர்ந்தெடுப்பான்?

காயம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. வெளியே மூடியதுபோல் இருக்கும், உள்ளே ஆறியிருக்காது. மறுபடி திறந்து சுத்தம் செய்வார்கள். ஒரு வழியாக மூடியதும், சுற்றியிருக்கும் தடித்த தோலுக்கு யூரியா கலந்த களிம்பு எழுதிக்கொடுத்தார் டாக்டர். "நெல்லுக்குப் போடறமே, அந்த யூரியாவா?" என்றார் அந்தோணிசாமி. அதேதான். ஈரத்தை இழுத்துப் பிடித்து, தடிப்பைக் கரைக்குமாம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பயிர் வைத்திருக்கிறேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டார். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆகஸ்ட்டில்தான் முடிந்தது. செலின்மேரி அழுதார், திட்டினார், பேசாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரை மறுபடி சொல்லச் சொன்னேன். இவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

என் உத்தியோகத்தில் நான் கற்றது ஒன்றுண்டு. விலக்கு இல்லாத விதி கிடையாது. அது எந்த உட்பிரிவில் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும், அவ்வளவே. கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்தேன். நெற்றியில் விபூதியோடு ஒருவன் வந்து, நேர்ச்சையில் தளர்வு கொடுக்க வழி உண்டா என்று கேட்டால் மனுஷர் என்ன நினைப்பார்? ஃபாதர் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். உண்டு என்றார். தனி ஒருவர் செய்துகொண்ட நேர்ச்சையைத் தகுந்த காரணம் இருந்தால் பங்குத் தந்தையே விலக்கலாம். திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்தது. கீழ்மட்டத்திலேயே அதிகாரப் பகிர்வு! இவ்வளவு தெளிவான சட்டத்தை எங்கள் துறையில் நான் பார்த்ததில்லை.

ஓட்டமாக வந்து அந்தோணிசாமியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் ஃபாதருகிட்டயா நேந்துக்கிட்டேன்?" என்றார். "மாதாகிட்ட. அங்கேருந்து உத்தரவு வந்தா சொல்லுங்க சார்."

அதிகார வரம்பு! வாழ்நாள் முழுக்க எத்தனை மனுக்களை இந்த ஒரு வார்த்தையால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என் மனு திரும்பி வந்தது.

ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம் ஃபாதரே வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அந்தோணிசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்து. செலின்மேரி சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றார். ஃபாதர் சுற்றி வளைக்கவில்லை. விலக்கு வேண்டாம் என்றால் விடுங்கள், இன்னொரு வழி இருக்கிறது என்றார். நேர்ந்துகொண்டதை அதற்குச் சமமானதாகவோ, அதைவிட மேலானதாகவோ மாற்றிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம்.

"ரோட்டுல வெறுங்கால்ல நடக்கறதவிட மேல என்னா இருக்குது ஃபாதர்?" என்றார் அந்தோணிசாமி. சவால் விட்ட மாதிரி இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவருடைய மறைத்து வைத்த காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெனம் சாயங்காலம் உக்காந்து, ரெண்டு காலையும் இன்னொருத்தர் கையில குடுங்க. அவங்க பாக்கணும். கழுவணும், தொடைக்கணும், மருந்து போடணும். நீங்க மறைக்காம காட்டணும். ஒரு நாள் விடாம, உசுரு இருக்கற மட்டும்."

அந்தோணிசாமியின் கை நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. எதையோ நீவி அடைக்கிற மாதிரி.

"அதுக்கு நடந்தே போயிடலாம் ஃபாதர்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இதுதானே பெருசு?" என்றார் ஃபாதர்.

அப்போதுதான் வாசலைக் கவனித்தேன். ஆரோக்கியராஜ் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. "எதுக்கு நேர்ச்ச? யாருக்கு?" என்றான். செலின்மேரிதான் நிலையைவிட்டு நகராமல் சொன்னார்.

"உனக்குத்தான்டா. நீ கண்ணத் தொறந்ததுக்கு."

அன்று அதற்கு மேல் அங்கே இருப்பது சரியல்ல என்று தோன்றியது. ஃபாதரும் நானும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் போனபோது பார்த்தேன். அந்தோணிசாமி நாற்காலியில். ஆரோக்கியராஜ் கீழே சம்மணம் போட்டு, அப்பாவின் காலைத் தன் தொடையில் வைத்திருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தான் — அப்பாவின் காலைக் கேட்டுப் பயனில்லை, சுடுகிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் ஊறப்போடக் கூடாது. ஊறினால் எடுத்த பிறகு முன்னைவிட அதிகமாகக் காயும். விரல் இடுக்கில் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தான். அங்கே ஈரம் நின்றால் புண், அதனால் அங்கே களிம்பும் கிடையாது. குதிகாலில் மட்டும் ஈரம் முழுக்கக் காய்வதற்குள் களிம்பு. காய்ந்த பிறகு பூசினால் வறட்சியைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். எனக்குத் தோல் டாக்டர் சொல்லி, நான் பாலம் வரை நடந்து நடந்து அந்தோணிசாமிக்குச் சொல்லி, அவர் காதில் போட்டுக்கொள்ளாத அத்தனையும் இந்தப் பையன் செய்தான். யாரிடம் கேட்டாய் என்றேன். அப்பாவின் டாக்டரிடமே போயிருக்கிறான்.

பியூஸ் கட்டையைப் பற்றி விசாரித்தேன். செலின்மேரி அதைக் குப்பையில்கூடப் போடவில்லையாம். யாராவது பொறுக்கிப்போய்த் தேய்ப்பார்கள் என்று சுத்தியலால் நொறுக்கிவிட்டார்.

ஆரோக்கியராஜ் செல்போன் விளக்கைப் போட்டு உள்ளங்காலைப் பார்த்தான். சர்க்யூட் போர்டு பார்த்துப் பழகிய கண். ஓரம் ஓரமாகப் பார்த்தான். பிறகு விரலால் குதிகாலிலிருந்து பெருவிரல் வரை மெல்ல ஒரு கோடு இழுத்தான். யாருக்கும் கூசும். அந்தோணிசாமி சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். இன்னொரு கோடு இழுத்தான். அப்பாவுக்குத் தெரியவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு களிம்பு டப்பாவைத் திறந்தான். ரொம்ப நேரம் தேய்த்தான். தேவைக்கு மேலேயே.

"போதும்டா" என்றார் அந்தோணிசாமி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருப்பா."

போன வாரம் காவிக் கூட்டம் எங்கள் தெரு வழியாகப் போயிற்று. செலின்மேரி அன்றைக்கெல்லாம் கணவரைக் கண்ணாலேயே கட்டிப்போட்டிருந்தார். எந்த நேரத்தில் சேர்ந்து நடந்துவிடுவாரோ என்று எனக்கும் பயம்தான். அந்தோணிசாமி வாசலில் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றினார். கூட நடந்த பழைய ஆட்கள் "என்னா மேஸ்திரி, இந்த வருசம் ரெஸ்டா?" என்று கேட்டார்கள். கிண்டலாகக் கேட்டவர்களும் உண்டு. அவர் அவர்களுக்கும் மோர் ஊற்றினார். கடைசி ஆள் தாண்டிப் போகிறவரை நின்றார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டு... காலில் டாக்டர் சொன்ன பஞ்சு வைத்த செருப்பு.

பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ராஜு, மணி ஆவுதுடா. வா, கால பாரு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினேன். என்ன புதுசா என்றாள். சொன்னேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இடது குதிகாலின் பின்பக்கம் ஒரு வெடிப்பு, நூல் போல. எனக்குத் தெரியவே தெரியாது. வறண்ட தோலைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன்! களிம்பு போட்டுவிட்டு அவளும் காலை நீட்டினாள்.

எத்தனையோ நகல்களுக்கு, அதிகாரியைத் தேடாமல், உண்மைதான் என்று நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. உள்ளங்காலுக்கு மட்டும் சுயசான்றொப்பம் செல்லாது.